பருந்து எண்ணிய மேடும் கீழே ஒரு கிணறும்

நாங்கள் பருந்து எண்ணப் போனது பருந்துக்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னார்ப் பெண்கள் இயற்கையை நேசித்தார்கள் என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏற்கெனவே ஒருவர் அப்படி எழுதிப் படமும் போட்டுவிட்டார். படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

எங்களுக்கு அந்த மேட்டில் ஏற வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

தீவு தட்டையானது. மேற்கு முனையை நெருங்கும்போது மட்டும் கடலோரமாக ஒரு மணல்மேடு எழும்பி நீளமாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரர் பார்த்தால் இதையா மேடு என்கிறீர்கள் என்று சிரிப்பார்கள். எங்களுக்கு அதுதான் மலை. மேட்டின் இந்தப் பக்கம் பனங்கூடல், ரோட்டு, ஊர். அந்தப் பக்கச் சரிவில் கொஞ்சக் காணிகள், அதற்கப்பால் கடல். சண்டைக் காலத்தில் மேட்டைப் படையினர் எடுத்துக்கொண்டார்கள். சண்டை முடிந்த பிறகும் கொடுக்கவில்லை. ஊருக்குச் சனம் திரும்பி வந்தது. தறப்பாள் கட்டியது, தகரம் அடித்தது, கோயில் கூரையைத் திருத்தியது, பள்ளிவாசலுக்கு வெள்ளை அடித்தது. மேட்டடியில் மட்டும் முள்கம்பி அப்படியே இருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்த காணிகளில் ஒன்று என் சிநேகிதியின் வாப்பாவுடையது.

அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். தொண்ணூறில் முஸ்லிம் சனங்களைப் போகச் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் மொழி பேசிய, துவக்குப் பிடித்த இயக்கப் பெடியள். கிறிஸ்தவர்களான வேதக்காரர் நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்கிறோம். அவள் குடும்பம் கையில் பிடித்ததோடு போனது. வழியில் பையைச் சோதித்தவன் நகையோடு சேர்த்துக் காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டான். உறுதி அவனுக்கு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடுப்பு மூட்டியிருப்பான்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருடம். அங்கேயே கலியாணம், அங்கேயே இரண்டு ஆண் பிள்ளைகள், அங்கேயே மனுசன் மௌத்தாகிப் போனான். பாதை திறந்ததும் அவள் பிள்ளைகளோடு திரும்பி வந்து, காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் வீட்டுப் பின்வளவில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தாள். காக்காவின் மனைவி கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு குசினியில் இரண்டு பெண்கள் எத்தனை காலம் இருக்க முடியும்? காலையில் பானை கொஞ்சம் பலமாக வைக்கப்படும். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

“வாப்பாட கிணத்தடியில ஒரு அறையும் குசினியும். வேற ஒண்டும் கேக்கேல்லை. சுவர் இல்லாட்டியும் பரவாயில்லைடி, தட்டி அடிச்சிட்டு இருந்திருவன்.”

அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். ஆமி முகாம் எழும்பிப் போகட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். மறுபடி போனாள். அதே பதில். கம்பிவரை போய் எட்டிப் பார்த்தால் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் விசில் ஊதினான். மேடு மறைப்பதால் இந்தப் பக்கமிருந்து காணி தெரியாது. இருபது வருடம் கழித்து ஊருக்கு வந்தும், கிணறு இருக்கிறதா தூர்ந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்தது. வெள்ளவத்தைத் தமிழ். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் பைனாகுலர், தலையில் ஆம்பிளைத் தொப்பி. கோயில் மண்டபத்தில் எங்களைக் கூட்டி விளக்கம் சொன்னது. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து எங்கள் பக்கம் வரும் பருந்து, வல்லூறு எல்லாம் பங்குனி சித்திரையில் திரும்பிப் போகின்றன. கடலுக்கு மேலே நெடுந்தூரம் பறப்பது அவற்றுக்குக் கஷ்டம். ஆகவே கடல் ஒடுங்கின இடம் பார்த்து, எங்கள் முனையால் இந்தியாவுக்குக் கடக்கின்றன. மேட்டில் நின்றால் அவை போவதை எண்ணலாம். காலையில் மேட்டில் நிற்பதற்குப் படையினரிடம் அனுமதி எடுத்தாகிவிட்டது. எண்ணுவதற்கு ஊராட்கள் வேண்டும். சம்பளம் இல்லை, தேத்தண்ணி உண்டு.

பறவை என்றதும் பாதிப் பேர் எழும்பிப் போனார்கள். என் சிநேகிதி என் தொடையில் கிள்ளினாள்.

“மேட்டில ஏற விடுவாங்களாமா?”

“அப்பிடித்தானே சொல்லுது.”

“அப்ப நான் பல்லி எண்டாலும் எண்ணுறன். எழும்படி, பேரைக் குடு.”

மூன்று பேர் சேர்ந்தோம். அவள், நான், பென்சன் எடுத்த ஒரு டீச்சர். நான் கரையில் நண்டு வாங்கும் வாடிக் கொட்டிலில் தரம் பிரித்து எண்ணுகிறவள். ஓடுகிற நண்டை எண்ணுகிறவளுக்குப் பறக்கிற பருந்து பெரிய காரியம் இல்லை என்று பிள்ளை என்னைப் புகழ்ந்தது. டீச்சருக்குக் கலியாணம் காட்சி இல்லை. எங்கள் மூவரில் பறவையில் உண்மையாகவே ஆசை வைத்தவர் அவர்தான். குடையும் செபமாலையுமாக வந்து சேர்ந்தார்.

முதல்நாள் காலை சென்றியில் பெயர் பதிந்து, கம்பியைத் தூக்கி எங்களை உள்ளே விட்டார்கள். மணலில் கால் புதையப் புதைய ஏறினோம். உச்சிக்கு வந்ததும் பிள்ளை வானத்தைக் காட்டி, எந்தப் பக்கமிருந்து வரும், எப்படி இறக்கை விரிக்கும் என்று சொல்லத் தொடங்கியது. சிநேகிதி பைனாகுலரை வாங்கி நேரே கீழே பிடித்தாள்.

“அன்ரி, மேல பாருங்கோ. கீழ இல்லை.”

“ஓம் ஓம், மேலதான் பாக்கிறன்,” என்றவள் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையில் தந்தாள். “அந்த ரெண்டு தென்னைக்கும் நடுவில பார். கல்லுத் தெரியுதா?”

தெரிந்தது. எருக்கலைக்கும் தாழைக்கும் நடுவே வட்டமாகக் கொஞ்சம் கல். உள்ளே மணல். அவள் அழவில்லை. முந்தானையால் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தாள், ஏதோ கண்ணாடிதான் மங்கல் என்பதுபோல.

எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. வெயில் ஏறினதும் பருந்துகள் மேட்டுக்கு மேலே வட்டமடித்து எழும்பும். வட்டமடிக்கும்போது எண்ணக் கூடாது, ஒன்றையே மறுபடி எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போய், இறக்கையைப் பாதி மடக்கிக் கடலுக்கு மேலே நேரே வழுக்கிப் போகும்போதுதான் எண்ண வேண்டும். பூனைப்பருந்து தாழ வரும், சரிவைத் தடவிக்கொண்டு போகும். விராலடிப்பான் தனியாகப் போகும். செம்பருந்தை எண்ணக் கூடாது, அது இங்கேயே இருப்பது.

“அது ஊர்க்காரன்,” என்றாள் சிநேகிதி. “அதுக்குப் பாஸ் தேவையில்லை. குடுத்து வைச்சது.”

சில நாள் ஒன்றிரண்டு போகும். சில நாள் விரல் போதாமல் போகும். வாடைக்காற்று ஓய்ந்து சோளகக் காற்றுப் பிடிக்கும் முன்னாலுள்ள அந்தக் கிழமைகளில் கடல் தட்டுப்போலக் கிடக்கும். நான் கல்மனசுக்காரி. ஆனாலும் ஒரு பருந்து கரையை விட்டுத் தண்ணீருக்கு மேலே போகும் அந்த இடத்தில் விரல் மடக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை மறைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போகும். யாரும் விசில் ஊதவில்லை.

மணிக்கொரு தடவை பிள்ளை ஒரு பாட்டுப்போலக் கேட்டு எழுதும். இனம் என்ன, எத்தனை, எந்தப் பக்கம் போனது, காற்று எப்படி. கடைசிக் கேள்வி எப்போதும் இதுதான்.

“கீழ ஆக்கள் ஆரும் கண்ணில பட்டவையா?”

நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். “இல்லை.”

ஆட்கள் இருந்தார்கள். நிறையவே இருந்தார்கள். கடற்கரைப் பக்கத்தால் கம்பிக்குள் நுழைந்து விறகு பொறுக்கும் பெண்கள் இருவர் தினமும் வருவார்கள். ஒரு கிழவர் சிப்பி அள்ளுவார். தாழை மறைவில் யாரோ சின்ன வலை காயப்போட்டிருந்தார். மேட்டின் அந்தச் சரிவு சென்றிக்குத் தெரியாது, எங்களுக்கு உள்ளங்கைபோலத் தெரிந்தது. அவர்களும் எங்களைக் கண்டார்கள். ஒரு பெண் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்குக் கை காட்டினாள்.

ஏன் இல்லை என்று சொன்னோம் என்று இப்போது கேட்கிறார்கள். கொழும்பில் பிறந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். முப்பது வருடம் யாராவது கேட்டபோதெல்லாம் அதைத்தான் சொன்னோம். ஆமி கேட்டாலும், பெடியள் கேட்டாலும், வெள்ளை வாகனத்தில் வந்தவன் கேட்டாலும், வீட்டில் ஆள் இருக்கிறதா என்றால் இல்லை. இந்தப் பக்கம் யாரும் போனார்களா என்றால் காணவில்லை. இருக்கிறார் என்று சொன்ன வீடுகளில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். அனுமதிக் கடுதாசி வைத்திருக்கிற ஒருவர், கையில் பேனையோடு ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார். வேறு என்ன சொல்வோம்? நாங்கள் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை.

பிள்ளை நல்ல பிள்ளை. அது வேறு நினைத்துக் கேட்டது. ஆட்கள் நடமாடினால் பறவை இறங்காது, அதற்காகக் கேட்கிறேன் என்று விளக்கியும் சொன்னது. நாங்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் இல்லை என்றோம்.

“தவக்காலத்தில பொய் சொல்றீங்களே டீச்சர்,” என்று நான் சீண்டினேன்.

“எனக்குக் கண் சரியில்லை, பிள்ளை. மேல பாக்கத்தான் டொக்டர் கண்ணாடி எழுதித் தந்தவர்,” என்று டீச்சர் செபமாலையில் அடுத்த மணிக்குப் போனார்.

ஒரு கிழமை கழித்து என் சிநேகிதி கீழே இறங்கத் தொடங்கினாள்.

“எனக்கு வயிறு சரியில்லை, ஒருக்காப் போட்டு வாறன்,” என்று போனவள் பருந்தெல்லாம் கடந்து முடியும்வரை வரமாட்டாள். பைனாகுலரில் பார்த்தால் கிணற்றடியில் குந்தி இருந்து, ஒரு தகரப் பேணியால் மணல் அள்ளிக்கொண்டிருப்பாள். எங்கள் பக்கக் கிணறுகள் ஆழமில்லை. மணலைத் தோண்டினால் ஆள் உயரத்துக்குள் தண்ணீர் வந்துவிடும். ஆனால் இருபது வருடத்து மணல். மேலே வரும்போது சேலை முழுக்க மண்.

“அன்ரிக்கு என்ன செய்யுது? டொக்டரிட்டப் போவமா?” என்று பிள்ளை உண்மையாகவே கவலைப்பட்டது.

“அவளுக்குப் பழைய வருத்தம்,” என்றேன். “மண் தின்னுற வருத்தம்.”

டீச்சருக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் குடையைத் தாழ்த்திப் பிடித்தார்.

எழுதும் மணி வந்தது. பிள்ளை கேட்டது. இனம், எத்தனை, எந்தப் பக்கம், காற்று. கீழே ஆட்கள்? இல்லை. இப்போது அந்த இல்லைக்குள் அவளும் இருந்தாள். முன்பு விறகுக்காரிகளுக்காகச் சொன்னதை இப்போது அவளுக்காக இன்னும் உறுதியாகச் சொன்னோம். அவள் மேலே இருந்த நேரங்களில் எல்லோரையும்விடச் சத்தமாக அவளே சொன்னாள். “ஒரு குருவியில்லை புள்ள, ஆள் எங்கால வரும்?”

அடுத்த பங்குனி வந்தது. அனுமதியும் வந்தது. இந்தமுறை அவள் பேணிக்குப் பதிலாக ஒரு சின்ன வாளியைத் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவந்தாள். சென்றியில் நின்றவன் பையைத் தட்டிப் பார்த்து, “மே மொனவாத நோனா?” என்றான், இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில். “பறவைக்குத் தண்ணி,” என்றாள் இவள் தமிழில். அவன் விளங்கினதுபோலத் தலையாட்டினான்.

ஒருநாள் மேலே வந்தவள் சோடாப் போத்தல் ஒன்றை நீட்டினாள். கலங்கல் தண்ணீர். நான் குடித்தேன். டீச்சரும் குடித்தார். உப்புக் கரிக்கவில்லை. எங்கள் தீவில் இதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர். பிள்ளைக்கும் கொடுத்தாள். பிள்ளை இது எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் குடித்து, நன்றி அன்ரி என்றது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. எருக்கலையை வெட்டினாள். எல்லைக்குக் கல் வைத்தாள். முருங்கைத் தடி நட்டாள். மேட்டில் இருந்து கையை நீட்டி, இது அறை, இது குசினி, இந்தப் பக்கம் வாசல், கடற்காற்று அடிக்கும் என்று எனக்குக் காட்டுவாள். வெட்டின பற்றையைக் கொளுத்தினாள். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. புகை எழும்பிவிட்டது. பிள்ளை கண்டுவிட்டது.

“கீழ புகை வருதே. ஆரும் இருக்கினமோ?”

கொளுத்திவிட்டு அப்போதுதான் மூச்சு வாங்க மேலே வந்து நின்றவள் திரும்பியும் பார்க்கவில்லை. “அது காம்ப்காரங்கள் குப்பை கொளுத்துறாங்கள், புள்ள. அங்க ஒரு மனுசரும் போறேல்லை. நான் இந்த ஊர்ப் பொம்பிளை, எனக்குத் தெரியாதா?”

பிள்ளை எழுதியது. நாங்கள் இறங்கும்போது மூன்று பேரும் சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வாய் கசக்கிறது.

பிள்ளை எழுதினதை என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டும். அந்த மேட்டின்மேல் ஒரு ஹோட்டல்காரனுக்குக் கண் இருந்தது. முகாம் எழும்பினதும் இடத்தை எடுத்து அறைகள் கட்டப் போகிறான் என்று கதை வந்தது. “ஹோட்டல் வந்தால் பறவையும் போயிடும், உங்களையும் கரைக்கு விடமாட்டாங்கள் அன்ரி,” என்று பிள்ளை கொதித்தது. அதைத் தடுக்க, பருந்துகள் கடக்கிற இடம் இது, ஆட்கள் தொந்தரவு இல்லாத இடம் இது, பாதுகாக்க வேண்டும் என்று எல்லா இடமும் எழுதியது. எங்களிடமும் சொன்னது. நல்லது, எழுதுங்கோ என்றோம். பாதுகாப்பது என்றால் ஹோட்டல்காரனிடமிருந்து எங்களைப் பாதுகாப்பது என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

மூன்றாவது பங்குனி முடிந்து சில மாதத்தில் முகாம் எழும்பியது. சாமான் ஏற்றின லொறிகள் போனதும் என் சிநேகிதி வாடிக்கு ஓடிவந்து, நண்டுக் கூடைகளுக்கு நடுவில் என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு தகரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாள். கம்பி இன்னும் இருந்தது. கம்பியில் புதிதாகப் பலகை ஒன்று தொங்கியது. காவலுக்கு நின்றவனின் சீருடை நிறம் மட்டும் மாறியிருந்தது, வனவிலங்குத் திணைக்களத்து ஆள். உள்ளே போக முடியாது, இது இனிப் பாதுகாக்கப்பட்ட இடம் என்றான் அங்கே நின்றவன்.

கந்தோருக்கு அவளோடு நானும் போனேன். அங்கே இருந்த அதிகாரி கத்துகிற ஆள் இல்லை. கதிரை காட்டி இருக்கச் சொன்னார். கத்துகிறவனாக இருந்தால் நானும் நன்றாகக் கத்தியிருப்பேன்.

“உறுதி இருக்கோ, அம்மா?”

“தொண்ணூறில பறிச்சுப்போட்டாங்கள்.”

“சரி. உறுதி இல்லாட்டி, காணியைப் பாவிச்சு வந்ததெண்டாவது காட்டவேணும். இடம் மூட முந்தி நீங்கள் அங்க போய் வந்ததுக்கு ஏதும் இருக்கோ? துப்புரவாக்கினது, பயிர் வைச்சது, அப்பிடி.”

அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். “இருக்கு சேர். கிணறு இறைச்சிருக்கிறன். முருங்கை நட்டிருக்கிறன், ரெண்டு தடி தளிர்த்திட்டுது. இவ சாட்சி. டீச்சர் சாட்சி.”

அதிகாரி பைல் ஒன்றை எடுத்துப் புரட்டினார். “பருந்து எண்ணின ஆக்கள் நீங்கள்தானே?”

“ஓம்.”

“மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் அங்க ஒருத்தரும் இல்லையெண்டு நீங்கள்தானே சொல்லியிருக்கிறீங்கள். அதை வைச்சுத்தானே அம்மா இடத்தை மூடினது. இப்ப நான் எதை நம்புறது?”

நான் எழும்பிவிட்டேன்.

“சேர், கம்பிக்குள்ள நிக்கிறவளை நிக்கிறாள் எண்டு சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாங்கள்? பூ வைச்சுக் கூட்டிக்கொண்டு போயிருப்பாங்களோ?”

“எனக்கு விளங்குது, அக்கா. கொழும்பில இருக்கிறவனுக்கு விளங்காது.”

“அப்ப விளங்கப்படுத்துங்கோவன். அதுக்குத்தானே கதிரை தந்திருக்கு!”

சிநேகிதி என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

பிள்ளைக்கு டெலிபோன் எடுத்தோம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியது. டீச்சர் வீட்டு விறாந்தையில் வைத்து, நான் எல்லாவற்றையும் சொன்னேன், விறகுக்காரிகளிலிருந்து புகை வரைக்கும். பிள்ளை தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

“என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே அன்ரி. நான் உங்களைக் காட்டிக் குடுத்திருப்பனா?”

“உன்னைத் தெரியும் புள்ள,” என்றாள் சிநேகிதி. “உன்ர பேப்பர் ஆரிட்டப் போகுமெண்டு தெரியாதே.”

பிள்ளை திருத்தி எழுதியது. நாங்கள் சொன்னதெல்லாம் பயத்தில் சொன்னது, ஆட்கள் இருந்தார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. டீச்சரும் நானும் போட்டோம். பதில் வர மாதங்கள் ஆயின. அந்தந்த நாளில் பார்த்துச் சொன்னதுதான் செல்லும், காணி வேண்டும் என்று வந்த பிறகு சொல்வது செல்லாது என்று பதில். ஹோட்டல்காரனும் உள்ளே வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மேடு அப்படியே இருக்கிறது. பருந்துகள் கடக்கின்றன. விறகுக்காரிகள் இப்போதும் திருட்டுத்தனமாகத்தான் போகிறார்கள், யூனிபோம் மட்டும் வேறு. அந்தப் பிள்ளை அடுத்த பங்குனிக்கு எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட முகம் இருந்திருக்காது. யாரோ யூனிவர்சிட்டிப் பெடியள் வந்து எண்ணினார்கள்.

யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் நான் எல்லோரிலும் கோபப்பட்டேன். பிள்ளையில், அதிகாரியில், பலகையில். எல்லோரையும்விட எங்கள் வாயில். இருபது வருடம் ஊரை விட்டிருந்தவள் அவள். திரும்பி வந்ததும் அவள் தன் காணியில் கால் வைத்ததை எங்கள் கண்ணால் கண்டோம். கண்டதைச் சொன்னால் போதும் என்று ஒரே ஒரு வேலை தந்திருந்தார்கள். அந்த வேலையில் பருந்தைச் சரியாகச் சொன்னோம்.

கடைசியில் அவளுக்கு உள்நாட்டுப் பக்கம், வீட்டுத் திட்டத்தில் மாற்றுக் காணி தருவதாகச் சொன்னார்கள். வாங்கினால் பழைய காணியைக் கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாதே என்றேன். வழக்குப் போடுவோம் என்றேன். தன் மூத்தவன் எங்கே படுக்கிறான் தெரியுமா என்று அவள் கேட்டாள். மூத்தவனுக்கு இருபத்திரண்டு வயது, காக்கா வீட்டுக் கொட்டில் வாசலில் சாக்கு விரித்துப் படுக்கிறான்.

கையெழுத்துப் போடும்போது அவள் ஒன்று கேட்டாள். “சேர், கிணத்தை நான் திறந்துபோட்டு வந்திட்டன். கட்டு இல்லை. கழுதையள் மேயிற இடம், குட்டி விழுந்திடும். மூடிப்போட்டு வர விடுங்கோ.”

காற்றடித்தால் தானாகத் தூர்ந்துவிடும் என்றார் பக்கத்தில் இருந்தவர். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். மூட விட்டால்தான் கையெழுத்து என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பகல், காவலுக்கு ஒருவர் கூட வர, என்று விட்டார்கள்.

அது ஆனி மாதம். சோளகம் மணலை அள்ளி முகத்தில் அடித்தது. நானும் அவளும் சின்னவனும் போனோம். விழுந்துகிடந்த பனங்குற்றிகளை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து கிணற்றுக்குக் குறுக்கே அடுக்கினோம். காவலுக்கு வந்தவன் தென்னையடியில் நின்று கொஞ்ச நேரம் போனைப் பார்த்தான். பிறகு அவனே வந்து ஒரு பக்கம் தூக்கினான். கடைசிக் குற்றியை வைக்கும் முன்னால் அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். கையை விட்டால் எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் இருந்தது. கையை விடவில்லை. “வைங்கோ,” என்றாள்.

முருங்கையைப் பிடுங்கிக் கொண்டு போவோமா என்று சின்னவன் கேட்டான். இந்த மண்ணில் வந்தது அங்கே வராது, விடு என்றாள்.

ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினோம். நான் தொடங்கிவிட்டேன். கையெழுத்து, கந்தோர், கொழும்பு, எங்கள் நாக்கு, எல்லாவற்றையும் திட்டினேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்தாதடி,” என்றாள் அவள். “அங்க ரோட்டு இருக்கு. கரண்ட் தருவாங்களாம். தண்ணிதான் உப்பாம், பவுசர் லொறியில நல்ல தண்ணி வரும் எண்டவங்கள். வந்து பார், பிறகு கத்து.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் மல்லாந்து கிடந்த அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் பனஞ்சிராய் ஏறிக் கன்றிப் போயிருந்தது. நான் கொண்டையிலிருந்து ஊசியைக் கழற்றினேன். பஸ் குலுங்காமல் போகும் இடங்களாகப் பார்த்து, ஒவ்வொரு சிராயாக எடுத்துக்கொண்டு வந்தேன்.